அம்மாமாரின் அணி

17 மே 2025, சனி

ஹெர்னிங்கில் பயிற்சி ஆட்டம், பழைய மாணவர் சங்கங்களின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு. என் மகன் ஜெனிஸ்ரன் நாள் முழுக்க மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் குந்தியிருந்தான், மழைக்குள். எல்லா ஆட்டமும் முடிந்தது, ஒரு நிமிடம்கூட அவனை இறக்கவில்லை. சங்கத் தலைவர் பாலேந்திராவின் மகன் பந்து எது, கோர்னர் கொடி எது என்று தெரியாமல் உதைக்கிறான். அவன் கப்டன்.

நீக்கிலாஸ் என்ன செய்தார்? தான் ஊரில் பள்ளிப்படிப்புப் படித்த கல்லூரியின் டென்மார்க் பழைய மாணவர் சங்கச் செயலாளர், என் கணவர், இந்தப் பிள்ளையைப் பெற்ற தகப்பன் - தலைவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்!

காரில் கேட்டேன். "நான் செயலாளர். சொந்தப் பிள்ளையை இறக்கு எண்டு நானே சொன்னா சனம் என்ன கதைக்கும்?" என்றார்.

"தலைவர் தன்ரை பிள்ளையைக் கப்டனாக்கினவர். அதுக்குச் சனம் ஒண்டும் கதைக்கேல்லையே?"

ரேடியோவைப் போட்டார். பின் இருக்கையிலிருந்து ஜெனிஸ்ரன், "விடுங்கோ அம்மா" என்று டெனிஸ் மொழியில் சொன்னான். இருபத்தொரு வயது. ஹொல்ஸ்டெப்ரோ கழகத்தில் டெனிஸ்காரர்கள் அவனை முதல் அணியில் முழு ஆட்டமும் ஆட விடுகிறார்கள். எங்கள் சனத்துக்குத்தான் அவன் வாங்கைச் சூடாக்க வேண்டும்.

19 மே, திங்கள்

அவரோடு இன்றும் கதைக்கவில்லை. உப்புக் கேட்டார். எழும்பி எடுக்கட்டும் என்று இருந்தேன்.

25 மே, ஞாயிறு

முதியோர் இல்லத்தில் காலை வேலை. கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டு நிற்கும்போது மண்டைக்குள் பளிச்சென்றது. அப்படியே தலையணையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

இந்தச் சுற்றுப்போட்டியின் விதிகளைத் தட்டச்சு செய்தது நான். நீக்கிலாஸுக்குத் தமிழில் தட்டத் தெரியாது, அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "ஆடுபவர் அக்கல்லூரியின் பழைய மாணவரின் பிள்ளையாக இருத்தல் வேண்டும்." அவ்வளவுதான். மகன் அப்பாவின் கல்லூரிக்கு ஆடுவான் என்பதை யாரும் எழுதவில்லை, எழுதத் தேவையென்று நினைக்கவும் இல்லை. பெரிய கல்லூரிகள் எல்லாம் ஆண்கள் கல்லூரிகள். பழைய மாணவர் என்றால் மீசை வைத்த ஆள் என்று இவர்களுக்கு ஒரு நினைப்பு.

நான் படித்தது மன்னாரில், சிப்பிமுனை றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன் பாடசாலை. கலவன்! பெடியனும் பெட்டையும் ஒரே வகுப்பில். நானும் பழைய மாணவர்தான். என் வயிற்றில் பிறந்தவன் பழைய மாணவரின் பிள்ளைதான். இவ்வளவு காலமும் இது ஏன் எனக்கு ஓடவில்லை?

என்னோடு படித்த யூலியானாவுக்குப் போன் எடுத்தேன், புரொண்பியில் இருக்கிறாள். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கத்தினாள். "அடியே பவளம், என்ரை ரண்டு பெடியளும் தேப்பன்ரை கொலிஜுக்குத் தண்ணிப் போத்தல் காவுறாங்களடி!"

சிப்பிமுனைக்காரர் இந்த நாட்டில் ஒரு கைப்பிடிதான், பதினொரு பேர் வராது. ஆனால் ஆள் காணாத சின்னப் பள்ளிக்கூடங்கள் சேர்ந்து ஒரே அணி விடலாம் என்றும் ஒரு விதி இருக்கிறது. எங்களில் இரக்கப்பட்டுப் போட்டது. தீவுப்பக்கத்துக் கலவன் பாடசாலையில் படித்த அஜந்தினியைக் கேட்கலாம் என்றாள் யூலியானா. அவளுக்கும் வளர்ந்த பெடியன்கள் இருக்கிறார்கள், வன்னிப் பக்கம் ஆட்களையும் தெரியுமாம்.

1 யூன், ஞாயிறு

நீக்கிலாஸிடம் சொன்னேன். சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"உம்மடை மீன்வாடிப் பள்ளிக்கூடமோ? அதுக்கு ஒரு கிறவுண்டாவது இருந்ததோ?"

"கடற்கரை இருந்தது. உங்கடை கொலிஜ் கிறவுண்டிலும் பாக்கப் பெரிசு."

"பவளம், பகிடிக்கும் ஒரு அளவு இருக்கு. என்ரை மகன் எனக்கு எதிரா ஆடுறதோ? நான் எப்பிடி வெளியிலை தலை காட்டுறது?"

என்ரை மகன். வாங்கில் நனையும்போது இந்த "என்ரை மகன்" எங்கே போயிருந்தது?

ஜெனிஸ்ரன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "எனக்கு விளையாட வேணும். ஆர் விடுகினமோ அவைக்கு விளையாடுவன்" என்று பாதி டெனிஸிலும் பாதி தமிழிலும் சொல்லிவிட்டுச் சப்பாத்தை எடுத்துக்கொண்டு போனான். தகப்பனின் முகம் போன போக்கைப் பார்த்துப் பாவம் என்று நினைக்க வேண்டும். நினைக்கவில்லை.

28 யூன், சனி

முதல் பயிற்சி. சுஜிந்தன் என்ற பெடியன் பயிற்றுநர், அஜந்தினியின் தம்பி. பதினான்கு பேர் வந்தார்கள், பதினான்கு விதமான மேற்சட்டை. எல்லோருமே ஏதோ ஒரு பெரிய கல்லூரி வேண்டாமென்று ஓரத்தில் இருத்தி வைத்த பிள்ளைகள். தகப்பன்மார் ஒருவரும் வரவில்லை, எல்லாரையும் தாய்மார்தான் ஏற்றி வந்தார்கள். மூன்று பள்ளிக்கூடத்துப் பெயரையும் வரிசையாகச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு முட்டுகிறது.

19 யூலை, சனி

முதல் சுற்று. எல்லாம் வென்றோம். எல்லாம்!

மைதானத்தில் ஒலிவாங்கி வைத்திருந்த ஆள் எங்கள் அணியின் நீளப் பெயரை வாசிக்கப் பஞ்சிப்பட்டு, "அடுத்ததா... அம்மாமாரின்ரை ரீம்" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒருத்தர் என் காதுபட, "அப்ப வாற வரியம் மகளிர் கல்லூரியும் ரீம் விடுமோ?" என்று கேட்டார். கேட்டது ஒரு டொக்டர். படித்த மனுசன்.

நீக்கிலாஸும் அந்தக் கூட்டத்துக்குள் நின்றார். சிரிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னாரா? இல்லை.

யூலியானா போய் ஒலிவாங்கிக்காரனிடம், "தம்பி, உம்மைப் பெத்ததும் ஒரு அம்மாதானே?" என்று கேட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு முழுப் பெயரையும் வாசித்தான்.

9 ஓகஸ்ட், சனி

அரையிறுதி வென்றோம். இறுதியாட்டம் யாரோடு? வேறு யாரோடு. அவரின் கல்லூரியோடு.



12 ஓகஸ்ட், செவ்வாய்

பேனையை அழுத்தி அழுத்தி எழுதுகிறேன். எழுத்து வடிவாக வராது.

பின்னேரம் கல்லூரிகளின் செயற்குழு தொலைபேசியில் கூடியது. விதியை மாற்ற வேண்டுமாம். "பழைய மாணவரின் பிள்ளை" என்பதைத் "தந்தை வழியில் மட்டும்" என்று ஆக்க வேண்டுமாம். இறுதியாட்டத்துக்கு முன்னரே. பாலேந்திராவின் பிரேரணை. நான் பக்கத்து அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஆளாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். என்ரை மனுசன்ரை குரல் வடிவாக் கேட்டது. "ஆதரவு."

ஆதரவு!

எங்கள் அணிக்காகச் சுஜிந்தன் இணைப்பில் இருந்தான். இந்த வருடத்துக்கே மாற்றுவதென்றால் இறுதியாட்டத்தில் நீங்கள் தனியாக நின்று ஆடுங்கள் என்றானாம். அதனால் அடுத்த வருடத்திலிருந்து என்று தள்ளி வைத்தார்கள். பெரிய மனது.

கதவைத் திறந்துகொண்டு போனேன். "நான் உங்கடை பிள்ளைக்கு ஆரப்பா? சொல்லுங்கோ. தாய் வழி ஒரு வழியில்லையோ?"

"இந்த வரியம் விளையாடுறியள்தானே. இன்னும் என்ன வேணும்?"

"பெத்த எனக்கு அவனிலை உரிமை இல்லையெண்டு சொல்லிப்போட்டு என்ன வேணுமெண்டு கேக்கிறியளோ?"

"இது சங்க விசயம், வீட்டு விசயமில்லை."

சங்க விசயமாம். பன்னிரண்டு மணித்தியாலம் வலித்துப் பெற்றபோது எந்தச் சங்கம் வந்து நின்றது? அடுத்த பிறவியில் ஆண்கள் கல்லூரியிலேயே போய் ஒரு பிள்ளையைப் பெற்றுக்கொள்ளட்டும்.

13 ஓகஸ்ட், புதன்

விதியைத் தமிழில் தட்டித் தரச் சொல்லிக் கேட்கிறார். என்னிடம்! விரல் நோகிறது என்று சொன்னேன்.

23 ஓகஸ்ட், சனி

புரொண்பி. இறுதியாட்டம்.

எதிர்ப்பக்கத்தில் நீக்கிலாஸ் கல்லூரிக் கழுத்துப்பட்டியோடு நின்றார். இந்தப் பக்கம் நாங்கள். யூலியானா செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு நடுவரை வாய்க்கு வந்தபடி ஏசினாள். முதல் பாதி முழுக்க அவர்கள்தான் எங்களைப் போட்டு நெருக்கினார்கள், உண்மையைச் சொல்ல வேண்டும். பந்து எங்கள் பெட்டிக்குள்ளேயே நின்றது. அஜந்தினியின் மகன் கோலுக்குள் விழுந்து விழுந்து பிடித்தான், முழங்கை உரிந்து இரத்தம்.

இரண்டாம் பாதியில் அவர்களுக்குக் களைத்துவிட்டது. பாலேந்திராவின் மகனை மாற்ற ஒருவருக்கும் துணிவில்லை, அவன் நடந்துகொண்டிருந்தான். ஜெனிஸ்ரன் அவனிடமிருந்து பந்தைப் பறித்தான். தானே அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்து, தனியாக ஓடி வந்த யூலியானாவின் மூத்தவன் ஜோனாஸுக்குத் தள்ளிவிட்டான். தண்ணிப் போத்தல் காவிய பிள்ளை. வலை அதிர்ந்தது. நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது, தொண்டை இன்னும் கட்டிப்போய்க் கிடக்கிறது.

ஒன்றுக்குப் பூச்சியம். அந்தக் கோலோடு வென்றோம்.

பதக்கம் போடுவது போட்டியை நடத்தும் சங்கச் செயலாளரின் வேலை. பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஜெனிஸ்ரனின் முறை வந்தது, தலையைக் குனிந்தான். நீக்கிலாஸ் பதக்கத்தைப் போட்டுவிட்டு அவன் தோளைப் பிடிக்கப் போனார். இவன் ஓரடி பின்னால் போய்க் கையை நீட்டினான். வீட்டில் எதைக் கேட்டாலும் டெனிஸில் பதில் சொல்கிற பிள்ளை, நல்ல தமிழில் சொன்னான்:

"நன்றி, செயலாளர்."

அவ்வளவுதான். அடுத்த பெடியனின் கழுத்தில் பதக்கத்தைப் போட நீக்கிலாஸால் முடியவில்லை, நாடா சிக்கிக்கொண்டது. பாலேந்திரா வாங்கிப் போட்டார்.

அவருக்கு வேண்டும், நல்லாய் வேண்டும் என்று நினைத்தேன். பிறகு காரில் அவர் வழி தவறி இரண்டு முறை திரும்பியபோது ஏசாமல் வழியைச் சொன்னேன்.

31 ஓகஸ்ட், ஞாயிறு

பூசை முடிந்து வெளியில் வந்தால் ஆட்கள் அவருக்குக் கை கொடுக்கிறார்கள். "நீக்கிலாஸ் அண்ணை, மகன் குடுத்த பந்து சொல்லி வேலையில்லை!" அவர் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு நிற்கிறார். நான் பக்கத்தில் கைப்பையோடு நிற்கிறேன். எனக்கு ஒருவரும் கை தரவில்லை. 

14 செப்ரெம்பர், ஞாயிறு

வென்ற அணிதான் அடுத்த வருடச் சுற்றுப்போட்டியை நடத்த வேண்டும், அவர்களின் ஆள்தான் கூட்டத்துக்குத் தலைமை. இது தொடக்கத்திலிருந்து உள்ள வழக்கம். எப்போதும் தாங்கள்தான் வெல்வோம் என்று நினைத்து வைத்த வழக்கம். எங்கள் பிள்ளைகள் என்னைத்தான் போகச் சொன்னார்கள்.

அப்படியென்றால் கூட்டம் எங்கள் வீட்டில்தான் என்று அறிவித்துவிட்டேன். வரட்டும்.

5 ஒக்ரோபர், ஞாயிறு

"தந்தை வழி" விதி போய்விட்டது. எப்படிப் போனதென்று எழுதி வைக்க வேண்டும்.

எல்லாக் கல்லூரிக்காரரும் வந்தார்கள். சாய்வு நாற்காலியில் நான் இருந்தேன். நீக்கிலாஸ் மாடியிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இறங்கி வந்து, முன்பின் தெரியாத வீட்டுக்கு வந்த ஆளைப் போல எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, ஓரத்து நாற்காலியில் இருந்தார். எனக்கும் வணக்கம் சொன்னார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தேன்.

விதிக்கு வந்தோம். தலைமை தாங்குபவர் பிரேரணை கொண்டுவர முடியாது. பழைய சங்கங்களுக்குத் தலைவரும் செயலாளருமாக இரண்டு பேர், புது அணிக்கு ஒரு ஆள்தான், எங்கள் பக்கத்தில் என்னைத் தவிர ஒருவருமில்லை. "விதியை நீக்க ஆராவது முன்மொழியிறியளோ?" என்று கேட்டேன். ஒருத்தர் தேத்தண்ணியை ஊதினார், இன்னொருத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். பாலேந்திரா கைபேசியைப் பார்த்துக்கொண்டு, "அப்ப அடுத்த விசயத்துக்குப் போவம், அக்கா" என்றார். எனக்குக் காது சுட்டது. அந்த ஆளின் மூஞ்சியில் எதையாவது எறிந்திருப்பேன், என் வீடு என்பதால் விட்டேன்.

"பொறுங்கோ." நீக்கிலாஸ் எழும்பினார். "நான் முன்மொழியிறன்."

பாலேந்திரா நிமிர்ந்தார். "என்ன நீக்கிலாஸ்? நீர் எங்கடை செயலாளரெல்லே? போன முறை ஆதரவு எண்டனீர்?"

"ஓம். எண்டனான். அண்டைக்கு என்ரை பிள்ளை எனக்கு 'நன்றி, செயலாளர்' எண்டவன். நான் அவனுக்குச் செயலாளரா இருந்தது காணும், போதும்."

தீவுப் பக்கத்தில் பெண் எடுத்த ஒரு மனுசன், இவ்வளவு நேரமும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வழிமொழிந்தார். கை தூக்கச் சொன்னேன். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் வென்றது.

குறிப்பில் முன்மொழிந்தவரின் பெயரும் பாடசாலையும் போட வேண்டும். கேட்டேன், எல்லோருக்கும் முன்னால், முறைப்படி.

"நீக்கிலாஸ்."

"பாடசாலை?"

கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். பாலேந்திரா பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிப்பிமுனை மருமகன் எண்டு எழுதுங்கோ, தலைவர்."

எழுதினேன். பக்கத்தில் ஒரு கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொண்டேன். இந்த மனுசனை இன்னும் முழுதாக நம்ப ஏலாது.