அப்பா பேச வேண்டிய வசனம்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஓசூரிலிருந்து சுகன்யா. உங்கள் முட்டி வலி குறைந்ததா? கல்வராயன் மலைப் பக்கம் நல்ல மழையாமே, கரும்பு வெட்டு தள்ளிப்போகிறதா? நான் இங்கே நலம்.

போனில் கேட்டால், "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பீர்கள். அதனால்தான் கடிதம்.

விடுதித் தோழிகள் சேர்ந்து என் போனிலேயே ஒரு குறும்படம் எடுக்கப் போகிறோம். நான்தான் கதாநாயகி! ஒரு காட்சியில், ஊரிலிருந்து கதாநாயகியின் அப்பா போனில் பேசுகிறார்; குரல் மட்டும்தான். ஒத்திகையில் தூத்துக்குடி இசக்கியம்மாள் கரகரத்த குரலில், "ஏட்டி, சாப்பிட்டியா?" என்றாள். நான் அழ வேண்டிய இடம் அது. சிரித்த சிரிப்பில் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டேன். முழங்கையில் லேசான சிராய்ப்புதான், பயப்படாதீர்கள்.

அதனால் நீங்களே பேசி, அண்ணன் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். "இன்னாம்மா பண்ணிக்கினு இருக்கற? சாப்ட்டியா? எப்ப வூட்டுக்கு வர்ற?" இவ்வளவுதான் வசனம். பின்னால் மோட்டார் ஓடினாலும் மாடு கத்தினாலும் பரவாயில்லை. நடுவில் அம்மாவிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

கம்பெனி ஷிப்ட் பஸ் வந்துவிட்டது. படத்துக்கு அரை நிமிடம் போதும் அப்பா. அதற்கு மேல் பேசினால், மீதியை நான் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகள்,
சுகன்யா