காப்பிப் பூவில் அடித்த மருந்து

28.3.1984
பத்து நாள் முந்திப் பெய்த மழைக்குக் காப்பி இன்றுதான் பூத்திருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் முழுக்க வெள்ளை. வீட்டுக்குப் பின்னால் என் நான்கு தேன்பெட்டிகளிலும் ஆறரைக்கே இரைச்சல். கொய்யா மரத்தில் கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று முட்டை வைத்திருக்கிறது. பார்த்துக்கொண்டே நின்றதில் பள்ளிக்கூடத்துக்குத் தாமதம். டீச்சரே லேட் என்று ஆறாம் வகுப்பு சிரித்தது.

29.3.1984
தேனீக்களின் காலெல்லாம் வெளுத்த மகரந்தம். மூன்றாம் பெட்டிக்கு இன்னொரு அடுக்கு வைக்கவேண்டும்.

30.3.1984
பூ நிற்கும்போதே மருந்து அடித்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முற்றமெல்லாம் தேனீ. நாக்கை வெளியே நீட்டி, இறக்கை நடுங்க, சுற்றிச் சுற்றி விழுகின்றன. எறும்புகள் இழுத்துப் போகின்றன. இதைச் செய்ய ஆள் அனுப்பியது யார்? லாசர் அண்ணன். என் கூடப்பிறந்து இதே வீட்டில் இருக்கிற, அந்த எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். காலையில் எதிரே உட்கார்ந்து இட்லி தின்றவர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்டிகளை மூடி வைத்திருப்பேனே!

"ஏனுங்கண்ணா, பூவுல போயி மருந்தடிக்கலாமுங்களா?"

"மொதலாளி சொன்னாரு, அடிச்சாங்க. ஈக்கோசரம் எஸ்டேட்ட மூடச் சொல்றியா கண்ணு?"

கண்ணாம். எனக்கு முப்பத்தெட்டு வயசு.

1.4.1984
சேலம், ஆஸ்பத்திரி வராந்தா.

நேற்று மதியம் மருந்து அடித்துக்கொண்டிருந்த மாதம்மாள் காப்பிச் செடிக்குள்ளேயே விழுந்துவிட்டாள். மூக்குக்கு ஒரு துணிகூடக் கொடுக்கவில்லை பாவிகள். நான் ஓடிப்போனபோது வாயில் எச்சில் வழிய, உடம்பெல்லாம் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. என் முற்றத்தில் பார்த்த அதே நடுக்கம்.

எஸ்டேட் ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறப்போன அவள் புருஷன் மாதையன் ஒரு கடிதத்தை நீட்டி, "டாக்டருகிட்டக் குடுக்கச் சொன்னாங்க டீச்சர். என்ன எழுதியிருக்குதுங்க?" என்றார். படிப்பதற்குள் டிரைவர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். ஆனால் முதல் வரியைப் பார்த்துவிட்டேன். 'கெட்டுப்போன சோறு சாப்பிட்டதால்...'

அண்ணன் கையெழுத்து! எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த கை! மருந்து ஸ்டோர் வாசலில் நின்றவரிடம் நேரே போனேன்.

"மருந்துப் பேரு என்னங்க? டாக்டருக்குத் தெரியோணும்."

"எனக்குத் தெரியாது, ஊட்டுக்குப் போ."

ஸ்டோர் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கிற்று. நான் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பின்பக்கம் போய் ஜன்னல் கம்பியைக் கடப்பாரையால் நெம்பி, காலி மருந்து டப்பா ஒன்றை எடுத்து முந்தானையில் சுற்றினேன். நாலரை பஸ்.

டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "கெட்ட சோத்து வாந்தின்னுதானே பாத்துக்கிட்டிருக்கோம்?" என்று உள்ளே ஓடினார். வேறு ஊசி.

பிழைப்பாளா? தெரியவில்லை. மாதையன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ஆண்டவரே, அந்தக் கடிதத்தை எழுதியவனை நான் மன்னிக்கமாட்டேன். மன்னிக்கச் சொல்லாதீர்.

3.4.1984
மாதம்மாள் பேசினாள். "நொம்பத் தண்ணி தவிக்குதுங்க டீச்சர்."

4.4.1984
வீடு. இரண்டு பெட்டிகள் காலி. மற்ற இரண்டில் ஒரு கைப்பிடி தேனீ. அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். கதவைச் சாத்தினேன்.

9.4.1984
அண்ணனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் என்னிடம் சொல்லவில்லை. ஒண்டிக்கடை முக்கில் எஸ்டேட் வாட்ச்மேன் செங்கோடன்தான் சொன்னார்.

"ஸ்டோர ஒடச்சது ஆருன்னு மொதலாளி கேட்டு நின்னாருங்க. உங்க அண்ணன்தான், 'டப்பாவ நாந்தான் எடுத்துக் குடுத்தேன், ஜன்னலும் நாந்தான்'னாரு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"உம்பேரு வெளிய வந்தா பள்ளிக்கூட வேல போயிரும். கமிட்டியில மொதலாளிதான இருக்காரு."

"அப்ப அந்தக் கடுதாசி?"

கையிலிருந்த சட்டையைப் பைக்குள் வைத்தார். பிறகு, "அத எழுதுனதும் நாந்தான் சாமி" என்றார்.

நாளைக் காலை பஸ்ஸுக்குச் சேலம் போகிறாராம், வேலை தேட. போகாதீங்க என்று சொல்ல வாய் வரவில்லை. போய்த் தொலைங்க என்றும் வரவில்லை. ஐந்து மணிக்கே எழுப்பவேண்டும்.