சும்மா தொடுகிற கை

அல் குசைஸ், துபாய்
10.6.2005

அன்புள்ள உமாராணிக்கு,

நான் சுகம். நீயும் என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கிளினிக்கில் மசாஜ் வேலையோடு ஆராய்ச்சியும் செய்கிறேன் என்றதும் சிரித்தாயே, இப்போது அந்த ஆராய்ச்சிதான் என் தலையைத் தின்கிறது.

முதுகுவலிக்காரர்கள் நாற்பது பேரை எட்டு மாதத்தில் ஒவ்வொருவராகச் சேர்ப்பது என்று ஏற்பாடு. இருபது பேருக்கு நன்றாக அமுக்க வேண்டும். மீதி இருபது பேருக்குக் கையைச் சும்மா வைத்து எடுக்க வேண்டும். யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. ஒவ்வொருவருக்கும் ஆறு வாரம்; அதில் யாருக்கு வலி குறைகிறது என்று டாக்டர் ஜொஹரா எழுதிக்கொள்வார்.

ஜெபல் அலியில் பெட்டி ஏற்றி இறக்குகிற தியாகு, பாவம், சும்மா கைக் கோஷ்டியில் முதல் ஆளாக விழுந்தான். டூட்டி முடிந்து வளைந்தபடியே வருவான். "அண்ணே, இடுப்பு கழண்டு போச்சுண்ணே" என்பான். இரண்டு வாரம் பல்லைக் கடித்தேன். மூன்றாம் வாரம் கட்டை விரல் தானாக இறங்கிவிட்டது. ஒருத்தனுக்குச் செய்துவிட்டு மற்றவனை விடலாமா? பின்னால் வந்தவர்களையும் சேர்த்து இருபது பேருக்கும் அமுக்கிவிட்டேன்.

இப்போது எல்லாருக்கும் வலி குறைந்துவிட்டது. டாக்டர் துள்ளுகிறார். "கார்மேகம், அமுக்கவே வேணாம் போலயே! சும்மா தொட்டாலே போதும்!" அதை அப்படியே மருத்துவப் பத்திரிகைக்கு அச்சுக்கு அனுப்பப் போகிறார். தொட்டாலே போதும் என்றால் என்னை எதற்கு வைத்திருப்பார்கள்? உண்மையைச் சொன்னாலும் வேலை போகும். என்னத்தைச் செய்ய?

உன்
கார்மேகம்

பரமக்குடி
23.6.2005

மகா கனம் பொருந்திய ஆராய்ச்சி மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து எனக்குத் தலைவலிதான் மிச்சம்.

பாடுபட்டது உங்கள் கை, பேர் வாங்கியது பாடுபடாத கை. திருடுகிறவன்கூடத் தன் வீட்டுக்குத்தான் கொண்டுவருவான். நீங்கள் சொந்த வீட்டிலிருந்து தூக்கிக் கொடுத்துவிட்டு முழிக்கிறீர்கள்.

சொன்னால் உங்கள் ஒருவர் வேலை போகும். சொல்லாவிட்டால் அதைப் படிக்கிற டாக்டரெல்லாம் முதுகைத் தடவி அனுப்பிவிடுவார்கள். தியாகு மாதிரி ஆட்கள் எங்கே போவார்கள்? போய்ச் சொல்லுங்கள். வேலை போனால் ஊருக்கு வாருங்கள், கஞ்சிக்குக் குறைவில்லை.

அன்பும் எரிச்சலும் சரிபாதியாக,
உமாராணி

அல் குசைஸ்
15.7.2005

அன்புள்ள ராணி,

சொல்லிவிட்டேன். டாக்டர் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. எட்டு மாதத் தாள்களையும் எடுத்து ஒவ்வொன்றிலும் குறுக்கே கோடு போட்டார். "ஆறு வாரம் முடிஞ்சா அந்த இருபது பேருக்கும் நீங்கதானே நல்லா அமுக்கிவிடப் போறீங்க? அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார். அவர் முதலிலேயே சொன்னதுதான். தியாகு முனகியதில் எனக்கு அது மறந்தே போனது.

வேலை போகவில்லை. புதிதாக நாற்பது பேரை வைத்து மறுபடி முதலிலிருந்து எட்டு மாதம். அமுக்குவதும் நான், தொடுவதும் நான். பக்கத்திலேயே ஒரு நர்ஸ் நாற்காலி போட்டு என் கட்டை விரலையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். லீவும் கலாஸ். தீபாவளிக்கு வர முடியாது, அழாதே.

இன்று முதல் ஆள், டாக்ஸி ஓட்டுகிற செய்கு அலாவுதீன். யாருக்கு எது என்று டாக்டர் எழுதி ஒட்டிய உறையைப் பிரித்தால் சும்மா கை! முதுகு பலகையாக இறுகிக் கிடக்கிறது. இருபது நிமிஷம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் தம்பி, காலையில ஒண்ணும் சாப்பிடலையா? கொஞ்சம் அமுக்குனாத்தான் என்ன?" என்றார்.

நர்ஸ் குனிந்து பார்த்தாள். நான் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "ஆறு வாரம் பொறுங்க பாய்" என்றேன்.

உன்
கார்மேகம்