தையல்கடைச் சந்தில் நிற்கும் நெடுஞ்சாலைப் பலகை

அனுப்புநர்
ஜெராக்ஸ் கடைக்காரன்
(தையல்கார அக்காளின் தம்பி),
தையல்கடைச் சந்து.

பெறுநர்
கோட்டப் பொறியாளர் அவர்கள்,
நெடுஞ்சாலைத் துறை.

பொருள்: உயிர்நீத்த படைவீரர் நினைவுப் பலகை – தவறான இடத்தில் நடப்பட்டது – தவறு என்னுடையது – பலகை அங்கேயே இருக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக ஆணை, நாள் 09.06.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பணியில் உயிர்நீத்த வீரர்களின் பெயரைச் சாலையோரப் பலகையில் பொறிக்கும் தங்கள் திட்டத்தில், என் அத்தானுக்காக விண்ணப்பித்தவன் நான். அத்தான் படையில் சமையல்காரர். பதினோரு ஆண்டுகளுக்கு முன், மேல்முகாமில் இருந்தவர்களுக்குச் சூடாகச் சாப்பாடு கொண்டுபோகும் வழியில் பனிச்சரிவில் இறந்தார்.

2. விண்ணப்பத்தில் 'பலகை அமைய வேண்டிய இடம்' என்ற கட்டத்தில் எங்கள் வீட்டு முகவரியை எழுதிவிட்டேன். ஊரில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பித் தருபவன் நான். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், கட்டம் எதைக் கேட்டாலும் கை முகவரியைத்தான் எழுதுகிறது. செய்தி பரவியதிலிருந்து என் வாடிக்கையாளர்கள் தங்கள் பழைய நகல்களைத் தேடி எடுத்துப் படித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

3. தங்கள் ஆட்கள் எழுத்துக்கு எழுத்து கடமையைச் செய்பவர்கள். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் படிப்பதற்காகச் செய்த கட்டில் அகலப் பலகையை, இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று இறங்கி நிற்க வேண்டிய எங்கள் சந்தில், ஒரே காலையில் நட்டுவிட்டுப் போனார்கள். அத்தான் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரத்தில் எங்கள் மாடி ஜன்னலுக்கு நேரே நிற்கிறது.

4. அதுவரை, அக்காளைக் கண்டதும் இந்தச் சந்து குரலைத் தாழ்த்திக்கொள்ளும். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள்கூடத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல நாற்காலி நுனியில் உட்காருவார்கள். அத்தான் பெயரை யாரும் எடுப்பதில்லை. வாயாடியான நானும் எடுத்ததில்லை. பலகை நட்ட அன்று சிலிண்டர்காரர் கீழே நின்று கத்தினார்: "அக்கா, உங்க வீட்டுக்காரர் பேரா இது? எவ்ளோ பெருசு!" அக்காள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "ஆளு குள்ளம்ப்பா. பேரையாவது பெருசாப் போடுவோம்னு போட்டுட்டாங்க." சந்தே சிரித்தது. பதினோரு வருடத்தில் அக்காள் அவரைக் கேலி செய்து நான் கேட்டது அன்றுதான். பிறகு ஆளாளுக்கு ஒரு கதையோடு வந்தார்கள். நூறு பேருக்குக் குறைவாகச் சமைக்கத் தெரியாத அத்தான், விடுமுறையில் வந்து ஒரு குழம்பு வைத்து, சந்து முழுவதையும் மூன்று நாள் அதையே சாப்பிட வைத்த கதையை நானே ஏழு பேரிடம் கேட்டேன்.

5. பலகையின் அடியில் சின்ன எழுத்தில் இரண்டாம் வரி ஒன்று உண்டு: 'அவரை அனுப்பிவைத்த குடும்பத்துக்கும் நன்றி.' நெடுஞ்சாலையில் அதை எவராலும் படிக்க முடியாது. எங்கள் சந்தில் எதிரே வருகிறவருக்கு வழிவிட நின்றே ஆக வேண்டும். நிற்கிறவர் முழுவதும் படிக்கிறார். படித்ததும் நிமிர்ந்து ஜன்னலைப் பார்க்கிறார். அக்காள் கையசைக்கிறாள். இதற்காகவே தையல் மெஷினைச் சுவரோரத்திலிருந்து ஜன்னலோரம் மாற்றச் சொன்னாள். இடுப்புப் பிடித்தது எனக்கு.

6. பலகையைப் பார்த்து நெடுஞ்சாலை என்று நம்பிச் சந்துக்குள் நுழைந்த லாரி ஒன்றை ஊரே சேர்ந்து பின்னுக்குத் தள்ளியது உண்மை. ஆனால் அந்த ஓட்டுநர் சட்டைத் துணி வாங்கி வந்து அக்காளிடம் தைக்கக் கொடுத்துவிட்டே போனார் என்பதும் பதிவாக வேண்டும்.

7. இந்நிலையில், வரும் 18-ஆம் தேதி பலகையைப் பெயர்த்து நெடுஞ்சாலையின் பதினான்காவது கிலோமீட்டரில் நடுவதாக ஆணை வந்துள்ளது. நேரில் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு மைல்கல்லும் இரண்டு ஆடுகளும் இருக்கின்றன. ஆணையைப் படித்துக் காட்டியபோது அக்காள், "மெஷினைப் பழைய இடத்துலயே போட்டுடலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகவே, தவறு செய்தவன் என்ற முறையில் எந்த விளக்கத்தையும் அபராதத்தையும் என்னிடம் பெற்றுக்கொண்டு, ஆணையை ரத்து செய்து பலகையை விட்டுவைக்குமாறு வேண்டுகிறேன். விதி இடம் தராதெனில், அத்தான் பெயர் உள்ள முதல் வரியை மட்டும் அறுத்து நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகட்டும். அவர் எல்லோருக்கும் பொதுவானவர். இரண்டாம் வரி அவரை அனுப்பிவைத்த வீட்டுக்கு எழுதியது. அதை ஜன்னலுக்கு நேரே விட்டுவிடுங்கள், ஐயா.

நாள்: 12.06
இடம்: தையல்கடைச் சந்து

தங்கள் பதிலுக்காக மாடிப்படியில் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஜெராக்ஸ் கடைக்காரன்