கூடைக்கு அடியில் ஒரு கால்தடம்

நேற்று என் மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டார்கள். வெள்ளை மாவில் தண்ணீர் ஊற்றிக் குழைத்தபோது, மழைபட்ட சுவரின் வாசனை எழுந்தது. ஆஸ்பத்திரி மெல்ல விலகிப்போனது. பனவடலிசத்திரத்துக் கரிசல் காட்டில், கிணற்றோரம், வெயிலில் நீ நின்றிருந்தாய்.

உங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் அந்தக் கிணற்றோரம் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். தண்ணீர்த் தகராறில் அவரோடு மல்லுக்கு நின்றவன் என்று உன் தம்பியைப் போலீஸ் பிடித்துப்போனது. சேற்றில் பதிந்து காய்ந்திருந்த ஒற்றைக் கால்தடத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. நீதான் கூடை கவிழ்த்துக் காத்தாய். மனுமேல் மனு எழுதி அலைந்த பிறகு, வழக்கு மெட்ராஸ் சி.ஐ.டி.க்கு மாறியது.

"வெள்ளைக்காரன் சுதேசிக்காரர்களை வேவு பார்க்க வளர்த்த இலாகாடீ அது" என்றேன், சரித்திரம் படித்தவள்.

"இப்ப உள்ளூர்ல முடியாத கேசெல்லாம் அவுகதான் பாக்காகளாம். நீ எதத்தான் நம்புதே? நான் நம்புதேன்ட்டி."

காக்கி இல்லாமல் சாதாரணச் சட்டையில் வந்த அதிகாரி கூடையைத் தூக்கினார். தடம் நிறைய மண்.

"யாரும்மா போட்டது?"

"நாந்தான் சார், நேத்து. கோமதியம்மன் கோயில் புத்துமண்ணு. உண்மைய அவ காட்டட்டும்னு."

"அவ காட்டுறதுக்குள்ள நீங்க மூடிட்டீங்களே."

கூட வந்த ஏட்டு சிரித்தார். அதிகாரி குந்தி உட்கார்ந்து, மெல்லிய பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளித் தள்ளி ஊதினார். உன் விரல்கள் என் கையை இறுக்கின. அவர் குழைத்து ஊற்றிய வெள்ளை மாவு பால்போல் தடத்துக்குள் இறங்கியது. காற்றே இல்லை. வெகுநேரம் கழித்து, புற்றுமண் ஒட்டிய வெள்ளைப் பாதம் ஒன்று பூமியிலிருந்து எழுந்து வந்தது. விரல்கள் விரிந்த, கட்டையான பாதம். உன் தம்பியுடையது அல்ல.

அன்று பஸ்ஸில், பின்னால் ஓடிய சோளக்காடுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "அது அவன் காலா இருந்துருமோன்னுதாண்டி மண்ண அள்ளிப் போட்டேன்."

எதையும் நம்பாத நான் அவனை ஒருநாளும் சந்தேகித்ததில்லை. அப்போதுதான் அது எனக்கே தெரிந்தது. உன்னிடம் சொல்லவில்லை.

பாதத்துக்கு உரியவனைச் சில மாதங்களில் பிடித்தார்கள். தம்பி வீடு வந்தான்.

இந்த வருஷம் நீ போன பின், உன் பதினாறாம் நாள் காரியத்தன்று அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஊரே என்னைய சந்தேகப்பட்டுச்சு. எங்க அக்கா ஒருத்திதான் நம்புனா" என்றான்.

"ஆமாப்பா" என்றேன்.

பார்க்கும்போதெல்லாம் அதையே சொல்கிறான். ஒவ்வொரு முறையும் ஆமாம் என்கிறேன்.