வாடிக்கைக்காரருக்கு மட்டும் இலவசம்

என் பிரியமுள்ள ஏழுமலை அண்ணனுக்கு,

நான் ஊருக்கு வந்துவிட்டேன் அண்ணா. கப்பல் வேலை பாதியிலேயே முடிந்துவிட்டது. நீ இருந்திருந்தால் உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் என் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டே, “இன்னா பாப்பா, சீக்கிரமா வந்துட்ட?” என்று கேட்டிருப்பாய். இந்தத் தடவை அழைத்துப்போக வந்தது அண்ணி. பெட்டியை வாங்கிக்கொண்டார், ஒன்றும் கேட்கவில்லை. எலவனாசூர்கோட்டை வந்து இறங்கும்வரை ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் நடந்ததை உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

சுற்றுலாக் கப்பலில் எனக்கு பாரில் வேலை என்பது உனக்குத் தெரியும். அம்மாவைப் பொறுத்தவரை அது ஓட்டல் வேலை. அவள் அதற்குமேல் கேட்டுக்கொண்டதில்லை. என்னைக் கேட்டரிங் படிக்க அனுப்பியவனே நீதான். கப்பல் கதைகளைக் கேட்பதில் உனக்கு அலுப்பே கிடையாது. ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் நான் கூப்பிடவேண்டும், நீ கரும்புத் தோட்டத்து வரப்பில் நின்றுகொண்டு கேட்பாய்.

அந்த அட்டையைப் பற்றியும் அப்படித்தான் சொன்னேன். அந்தக் கம்பெனிக் கப்பல்களிலேயே திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். பயணங்கள் ஏற ஏற அட்டையின் நிறம் மாறும். மேல்நிறத்து அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தினமும் சில கோப்பை மது இலவசம். அன்றைக்குக் குடிக்காமல் விட்டால் அன்றோடு போயிற்று, மறுநாளுக்குச் சேராது. அதனாலேயே, ஆசை இல்லாதவர்கள்கூட வீணாகிவிடுமே என்று வந்து உட்காருவார்கள். நீ சிரித்தாய். “இதுல இன்னா அதிசயம்? நம்மூர்ல சாராயம் விக்கிறவனும் அதான். ரெகுலரா வர்றவனுக்கு அப்பப்ப ஒண்ணு சும்மா குடுப்பான்” என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவன் உனக்கு ஒன்று சும்மா கொடுத்தபோது நான் விடுமுறையில் வீட்டில் இருந்தேன். நீ கரும்பு வெட்டு வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாய். நான் தெருக்குழாயில் குடத்தோடு நின்றேன். சாராயக்காரன் மொபெட்டை நிறுத்தி, சாக்குப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து உன் கையில் வைத்தான். “நீ நம்ம ஆளு ஏழுமலை. இது சும்மா, வெச்சிக்க” என்றான். வேண்டாம் அண்ணா என்று நான் சொன்னேன். நீ என் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, உடம்பு வலிக்கு ஒன்றே ஒன்று என்றாய். சரக்கு புதிதாக வந்திருக்கிறது, பழைய ஆட்களுக்கெல்லாம் ஒவ்வொன்று கொடுத்துப் பார்க்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. உங்களை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறான்.

மறுநாள் வெயில் ஏறிவிட்டது. வாசலில் அண்ணி தானியம் புடைத்துக்கொண்டிருந்தார். நீ பாயில் எழுந்து உட்கார்ந்து, “லைட்டப் போடேன், இன்னா ஒரே இருட்டா கீது” என்றாய். முதலில் யாருக்கும் புரியவில்லை. அண்ணி வந்து உன் முகத்துக்கு நேரே கையை ஆட்டினார். உன் கண் அசையவில்லை. வயிறு எரிகிறது என்று சுருண்டாய். ஆட்டோவில் கள்ளக்குறிச்சி போகும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, யார் பக்கத்தில் இருப்பது என்று கேட்டுக்கொண்டே வந்தாய். நான்தான் அண்ணா, செல்வி என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். உனக்குக் கேட்டதா?

பொழுது சாய்வதற்குள் நீ போய்விட்டாய். உன்னோடு வேலைக்குப் போனவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அந்த வாரம் நம் தெருவில் ஒரு வீட்டுப் பந்தலைப் பிரிப்பதற்குள் அடுத்த வீட்டில் பந்தல் போட்டார்கள். பறையடிக்க வந்தவர்களே கடைசியில் உட்கார்ந்து அழுதார்கள்.

அதற்குப் பிறகும் நான் ஏன் அந்த வேலைக்கே போனேன்? வேறு எங்கே போவது? உன் மகள் மலரைப் படிக்கவைக்க வேண்டும், அம்மாவுக்கு மருந்து நிற்கக் கூடாது. தெரிந்த வேலை அது ஒன்றுதான். போனேன்.

அங்கே தாமஸ் என்று ஒரு பெரியவர் வருவார். அந்தக் கப்பலில் அவர் அட்டைக்குமேல் நிறம் கிடையாது. மனைவி இறந்ததும் வீட்டை விற்றுவிட்டு ஒரு பயணம் முடிந்தால் அடுத்த பயணம் என்று கப்பலிலேயே இருந்தார். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். இங்கேதான் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிறது என்றார். தினமும் அதே நாற்காலி. அன்றைய இலவசத்தில் ஒன்றுகூட மிச்சம் வைக்க மாட்டார். ஒருமுறை நடைபாதையில் விழுந்து நெற்றியில் கட்டோடு வந்தார், அன்றைக்கும் மிச்சம் வைக்கவில்லை.

ஒரு மத்தியானம் அவர் வந்து உட்கார்ந்தார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே கடல் கண்ணைக் கூசவைத்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஏன் விளக்கையெல்லாம் குறைத்துவிட்டீர்கள் என்று கேட்டார்.

நீ பாயில் உட்கார்ந்து கேட்டதும் அதுதானே அண்ணா. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தேன். இப்போது மது வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அட்டையை மேஜைமேல் தட்டினார். இது எனக்குச் சேரவேண்டியது, நீ கொடுக்கிற பிச்சை இல்லை என்று கத்தினார். சத்தம் கேட்டு சூப்பர்வைசர் ஓடிவந்தார். கெட்டவர் இல்லை, அவருக்கும் ஊரில் பிள்ளைகள் உண்டு. மேல்நிறத்து அட்டைக்காரர் ஒருவர் புகார் எழுதினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். என்னை ஒதுங்கச் சொன்னார், பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டார், தானே ஊற்றிக் கொடுத்தார். நான் உள்ளே போய் கப்பல் டாக்டருக்குப் போன் போட்டேன். திரும்பி வந்தபோது பெரியவர் நாற்காலியிலிருந்து சரிந்துகொண்டிருந்தார்.

மூளையில் ரத்தக்கட்டு என்றார் டாக்டர். அந்த ஒரு கோப்பையால் வந்தது இல்லை என்றும் சொன்னார். அடுத்த துறைமுகத்தில் இறக்கினார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்று பிறகு சொன்னார்கள். அன்று கல்லாவை மூடும்போது திரையில் அவர் பெயருக்கு நேரே ஒரு கோப்பை இன்னும் பாக்கி காட்டியது.

விசாரணை வைத்தார்கள். அவர் எவ்வளவு நாளாக அப்படிக் குடித்தார், விழுந்த பிறகும் ஏன் கொடுத்தோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அனுமதி இல்லாமல் ஒரு பயணிக்கு ஏன் மறுத்தாய் என்று மட்டும் கேட்டார்கள். சாகிற அன்று எங்கள் அண்ணனும் இருட்டாக இருக்கிறது என்றுதான் சொன்னான் என்றேன். எழுதிக்கொண்டவருக்கு அது விளங்கவில்லை. என்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவையும் அண்ணியையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா எழுந்துபோய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். அண்ணிதான் பேசினார். “நீ ஊத்தலன்னா வேற ஒருத்தன் ஊத்துவான். ஆனா நீ ஊத்தல இல்ல” என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இங்கத்திய சேதி இதைவிட மோசம். அந்தச் சாராயக்காரன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். அதே மொபெட்டில் நம் தெரு வழியாகவே போகிறான். வழக்கு கள்ளக்குறிச்சி கோர்ட்டில் நடக்கிறது. எனக்கு சம்மன் வந்திருக்கிறது. பாக்கெட் கை மாறியதைக் கண்ணால் பார்த்தவர்களில் செத்தவர்கள் போக, தெருவில் நானும் இன்னும் இரண்டு பேரும்தான். அவர்கள் இருவரும் இப்போது தாங்கள் ஒன்றையும் பார்க்கவில்லை என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கரும்பு வெட்டுக்கு ஆள் எடுக்கிற மேஸ்திரி அவனுடைய மச்சான். அண்ணியும் அந்த மேஸ்திரியிடம்தான் வேலைக்குப் போகிறார்.

போன வாரம் அவனுடைய பெரியப்பா வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார், “அவன் விக்கலம்மா. பழகுன ஆளாச்சேன்னு சும்மாதான குடுத்தான். காசு வாங்காததுக்கு இன்னா கேஸு? நீ படிச்ச பொண்ணு, யோசிச்சிப் பாரு.”

சும்மா கொடுத்தான் என்பதைத்தான் நானும் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் எழுந்தார். “உங்க அண்ணிக்கு வேலை இருக்காதும்மா, பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மிரட்டினாரா, வருத்தப்பட்டாரா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவர் போனதும் நான் அண்ணியைப் பார்த்தேன். உன்னை இழந்தவர் அவர். வேலையும் போனால் எப்படித் தாங்குவார்? நீங்கள் வேண்டாம் என்றால் நான் போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

“போய் சொல்லு” என்றார் அண்ணி. “நான் உளுந்தூர்பேட்ட ஓட்டல்ல பாத்திரம் கழுவிக்கினு பொழச்சிப்பேன்.”

அண்ணா, கோர்ட்டில் குரல் நடுங்கும் என்று பயமாக இருக்கிறது. வக்கீல் உன்னைக் குடிகாரன் என்பார், என்னையும் சாராயம் ஊற்றுகிறவள் என்பார். சொல்லட்டும். எத்தனை விதமாகத் திருப்பிக் கேட்டாலும் நான் பார்த்ததை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒன்று. பள்ளியில் யாராவது கேட்டால் அப்பா மஞ்சள்காமாலையில் செத்துப்போனார் என்று சொல்லும்படி மலரைப் பழக்கியிருக்கிறார்கள். அவளும் அப்படியே ஒப்பிக்கிறாள். சாட்சி சொல்லிவிட்டு வந்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து நடந்ததை நானே சொல்வேன். நீ குடித்தாய் என்பதைச் சொல்வேன். கரியாலூரில் பஸ் இறங்கி, அவளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு அருவி வரைக்கும் இறக்கிவிடாமல் நடந்தவன் நீ என்பதையும் சொல்வேன். இரண்டும் அவள் அப்பாதான் என்று சொல்வேன். இது சத்தியம் அண்ணா.

கடைசிவரை உன் கையைப் பிடித்திருந்த
உன் தங்கச்சி,
செல்வி