பத்து அங்குலக் கல்

1984 ஜூலை 11, புதன்

மேகமூட்டம், மழை இல்லை. முன்னறையை அளந்தேன், தையல் டேப்பால் இரண்டு முறை. நீளம் 12 அடி, அகலம் 10. என் டைப் இன்ஸ்டிடியூட்டுக்கு அனுமதி தர 20ஆம் தேதி அதிகாரி வருகிறார். அதற்குள் இந்தக் குண்டுகுழித் தரையில் சிமென்ட் டைல்ஸ் போட்டாக வேண்டும். மேஜை ஆடினால் மெஷினும் ஆடும்.

மாலை மாமா வந்தார். என் வீட்டுக்காரரின் அண்ணன். ரோடு போடும் ஆபீசில் கிளார்க், வீட்டில் மட்டும் இன்ஜினியர். உள்ளே வரக்கூட இல்லை. வாசற்படியில் நின்று ஒரு பார்வை.

"நூத்தி இருவது கல்லு. முடிஞ்சிபோச்சி."

பன்னிரண்டைப் பத்தால் பெருக்கியதற்கு என் வீட்டுக்காரர் முகத்தில் அத்தனை பெருமை. ஒரு கல் ஓர் அடி இருக்குமா என்று கேட்டேன். காபி கொண்டுவரச் சொன்னார்கள்.

ஜூலை 12, வியாழன்

கடைவீதியில் ஒரு கல்லை அளந்தேன். பத்து அங்குலம். திண்டிவனம் டைல்ஸ் கம்பெனியிலும் இதே அளவுதானாம்.

அகலம் 120 அங்குலம்: 12 கல்.
நீளம் 144: 14 வரிசை, மீதி 4 அங்குலம்.
12 × 14 = 168.
மீதிக்கு, ஒரு கல்லை வெட்டினால் இரண்டு துண்டு. 6 கல்.
ஆக 174. உடைசலுக்கு ஆறு. 180.

காகிதத்தை இவரிடம் கொடுத்தேன். படிக்காமலே சட்டைப் பைக்குள். அண்ணன் சொன்னால் சொன்னதுதானாம், நான்தான் பேஜார் பண்ணுகிறேனாம். சரி. இனி வாய் திறப்பதில்லை.

ஜூலை 14, சனி

வெயில். மாமா திண்டிவனம் போய் லாரியில் ஏற்றி வந்துவிட்டார். 120. பச்சை. நிறம் பரவாயில்லை.

ஜூலை 15, ஞாயிறு

ஏழுமலை மேஸ்திரி உள்சுவரிலிருந்து பதித்துக்கொண்டே வந்தார். மாமா நாற்காலியில், விசிறியோடு, ஓயாமல் யோசனை சொன்னார். மூன்று மணிக்குக் கல் தீர்ந்தது. வாசல் பக்கம் மூன்றடி எட்டு அங்குலம் பழைய தரை.

"கல்லு பத்தலிங்க. எத்தினின்னு கணக்கு போட்டீங்க?"

மாமா முதலில் மேஸ்திரியைக் குறை சொன்னார். பிறகு சுவரை. பிறகு கம்பெனிக்காரன் எண்ணிக்கையில் ஏமாற்றிவிட்டானாம். பதித்ததை எண்ணினோம். 120. இவர் சட்டைப் பையைத் தேடினார். சட்டையை நேற்றே துவைத்தாயிற்று.

மாமா முகம் போகிற போக்கைப் பார்க்கத்தான் சும்மா இருந்தேன். பார்த்தாயிற்று. ஆனால் அறை என்னுடையது, இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஐந்து நாள். நானும் ஒரு முட்டாள்.

ஜூலை 16, திங்கள்

தனியாகத் திண்டிவனம் போகிறேன் என்றேன். மாமாவும் ஏறிக்கொண்டார், கம்பெனிக்காரனை நாலு கேள்வி கேட்க. முதலாளி ஒரு கல்லின் மேல் ஸ்கேலை வைத்தார். பத்து. மாமா ஸ்கேலைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இப்பல்லாம் அளவ மாத்திப்புட்டானுங்க."

அதே பச்சையில் அறுபது கிடைத்தது, நல்லகாலம். லாரியில் ஏற்றிவிட்டோம், நாளை பதித்துவிடலாம்.

திரும்பும் பஸ்ஸில் மாமா பக்கத்தில் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு ஒருவர். டைல்ஸ் போட்டுக்கினு இருக்கோம், கணக்கெல்லாம் நான்தான் என்று மாமா ஆரம்பித்தார். தன் வீட்டிலும் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு ரூம் உண்டு, எத்தனை கல் ஆகும் என்று அவர் கேட்டார். மாமா என் பக்கம் திரும்பினார்.

"எத்தினிம்மா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பஸ் விக்கிரவாண்டி வரும் வரைக்கும் சொல்லவில்லை.

ஜூலை 20, வெள்ளி

தூறல். அதிகாரி பதினொன்றுக்கு வந்தார். எட்டு மெஷினிலும் ஒரு வரி தட்டிப் பார்த்தார். எதுவும் ஆடவில்லை. கையெழுத்துப் போட்டார். தரை நன்றாக இருக்கிறதே, யார் வேலை என்றார். மாமா தொண்டையைச் செருமினார். முந்திக்கொண்டேன்.

"ஏழுமலை மேஸ்திரிங்க. கணக்கு நான் போட்டது."

இதுவரை சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். போர்டு எழுதணும், ரிப்பன் நாலு வாங்கணும்.